நான்காம் அவென்யூவின் குளிர்காலம்

1930களின் நடுவில் ஆங்கரேஜ் ஒரு சிற்றூர். மக்கள்தொகை ஏறக்குறைய 3,000. 1915இல் அமெரிக்க அரசு அலாஸ்காவில் ரயில் பாதை போடத் தொடங்கியபோது, ஷிப் கிரீக் என்னும் ஓடையின் கரையில் வரிசையாக எழுந்த கூடாரங்களிலிருந்து வளர்ந்த ஊர் அது. அதற்கு முன் அந்த ஓடையில் டெனாயினா மக்கள் சால்மன் பிடித்து வந்தார்கள். இருபது வயதே ஆன அந்த ஊரில் குளிர்காலம் வந்துவிட்டால் செய்வதற்கு அதிகம் இருக்காது. டிசம்பரில் பகல் ஐந்தரை மணி நேரம்தான். பிப்ரவரியில் வெளிச்சம் நீளத் தொடங்கும்போது, பொறி வைத்து விலங்கு பிடிப்பவர்களும் சுரங்கத்தில் உழைப்பவர்களும் மாதக்கணக்கில் காட்டில் கிடந்துவிட்டு ஊருக்குள் வருவார்கள். அவர்களுடைய பனிச்சறுக்கு வண்டிகளில் பீவர், மார்ட்டென், நரி, லிங்க்ஸ், ஓநாய் ஆகியவற்றின் ரோமத்தோல்கள் அடுக்கப்பட்டிருக்கும்.

அந்த வரவையொட்டி வெர்ன் ஜான்சன் என்பவர் மூன்று நாள் விளையாட்டு விழா ஒன்றைத் தொடங்கினார். பனிச்சறுக்கு, ஹாக்கி, கூடைப்பந்து, குத்துச்சண்டை ஆகியவற்றோடு சிறுவர்களுக்கு நான்காம் அவென்யூவில் ஒரு நாய் வண்டிப் பந்தயமும் வைத்தார். இரவில் பெருநெருப்பு மூட்டித் தீப்பந்தங்களோடு ஊர்வலம் போனார்கள். ஊரில் ஏறக்குறைய எல்லோரும் அதில் கலந்துகொண்டார்கள். ஓரிரு ஆண்டுகளில் விழா ஃபர் ராண்டேவூ, அதாவது ரோமத்தோல் சந்திப்பு, என்று பெயர் பெற்றது. ஊரார் அதை ‘ராண்டி’ என்று சுருக்கினார்கள். இன்றும் அப்படித்தான் அழைக்கிறார்கள்.

இன்று ஆங்கரேஜில் ஏறத்தாழ 2,90,000 பேர் வாழ்கிறார்கள். அன்று மூன்று நாள் நடந்த விழா இப்போது பிப்ரவரிக் கடைசியில் தொடங்கி மார்ச் முதல் வாரம்வரை நீள்கிறது. பனிச்சிற்பங்கள், ராட்டினங்கள், தெருவில் கலைமான்களோடு சேர்ந்து மனிதர்கள் ஓடும் ஓட்டம், கலைப்பொருள் சந்தைகள் என்று நிகழ்ச்சிகள் பெருகிவிட்டன. கலைமான் ஓட்டம் 2008இல் வந்த புதுமை. கூட்டத்துக்கு அதுதான் மிகவும் பிடிக்கிறது. எனக்கோ இந்த விழாவில் முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. விழாவுக்குப் பெயர் கொடுத்த ரோமத்தோல் மெல்ல ஓரத்துக்குப் போய்விட்டது. அன்று ஓரத்தில் நின்ற பூர்வகுடி மக்கள் தங்கள் கைவினையோடு நடுவுக்கு வந்திருக்கிறார்கள்.

ரோமத்தோலைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அலாஸ்கா ஐரோப்பியர்களின் வரைபடத்தில் ஏறியதே தோலுக்காகத்தான். 1741இல் விட்டஸ் பெரிங்கின் கப்பலோடு போனவர்கள் கடல் நீர்நாயின் தோலை ரஷ்யாவுக்குக் கொண்டுவந்தார்கள். அதன் பிறகு ஏறக்குறைய 125 ஆண்டுகள் அந்தக் கரையோரம் முழுவதும் வேட்டைக்களம். அலூஷியன் தீவுகளின் உனாங்கன் ஆண்கள் தங்கள் தோல் படகுகளில் கடலுக்குள் விரட்டப்பட்டார்கள். வேட்டை முடிந்து அவர்கள் திரும்பும்வரை குடும்பத்தார் பிணையாக வைக்கப்பட்டார்கள். 1867இல் ரஷ்யா 72 லட்சம் டாலருக்கு அலாஸ்காவை அமெரிக்காவிடம் விற்றபோது கடல் நீர்நாய்கள் பல இடங்களில் அற்றுப்போயிருந்தன. 1911இல் நான்கு நாடுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கை வந்த பின்தான் மிஞ்சியவை பிழைத்தன. ராண்டி தொடங்கிய காலத்தில் கடல் வேட்டையின் அந்தப் பெருங்காலம் முடிந்து, காட்டு விலங்குகளின் தோல்தான் அலாஸ்காவின் வருமானத்தில் மீனுக்கும் சுரங்கத்துக்கும் அடுத்த இடத்தில் இருந்தது.

அப்போது ஒரு நல்ல நரித்தோலின் விலையில் ஒரு குடும்பத்தின் குளிர்கால மாவும் தேயிலையும் துப்பாக்கிக் குண்டும் அடங்கும். விலையை நிர்ணயித்தவர்கள் எங்கோ தொலைவில் இருந்த நகரங்களின் ஆடை வணிகர்கள். தோலைக் கொண்டுவந்தவர் யார் என்பது விலையில் எழுதப்படவில்லை. காட்டில் பொறி வைத்து, உறைந்த விரல்களால் உரித்து, சட்டத்தில் இழுத்துக் காயவைத்த கை வெள்ளையருடையதா, அதபாஸ்கன் இனத்தவருடையதா என்பது ஏலம் முடிந்ததும் மறந்துபோகும். தோலுக்கு ரகம் உண்டு, எடுத்தவருக்குப் பெயர் இல்லை.

இன்றும் ராண்டியில் தோல் ஏலம் நடக்கிறது. அலாஸ்கா பொறிவேட்டைக்காரர் சங்கம் திறந்தவெளியில் அதை நடத்துகிறது. பார்க்க வருபவர்களில் பலர் ஒரு நரித்தோல் தொப்பியோடு திரும்புகிறார்கள். ஆனால் அந்த ஏலத்தை நம்பி எந்த ஊரும் குளிர்காலத்தைக் கடத்துவதில்லை. எண்ணெய் வந்தது, ராணுவம் வந்தது, மாதச் சம்பளம் வந்தது. தோலுக்கு எதிரான உலகக் கருத்தும் வந்தது. அந்தக் கருத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் உறைபனியில் உடுத்துவதற்காகத் தோலைத் தைத்தவர்களையும், அலங்காரத்துக்காக வாங்கியவர்களையும் அது ஒரே தட்டில் வைத்துப் பார்த்தது. அதில் நியாயம் இல்லை.

விழாவின் முதல் ஆண்டுகளில் பூர்வகுடிகளின் இடம் என்ன என்று கேட்டால், அன்றைய அலாஸ்கா முழுவதையும் பார்க்க வேண்டும். பல ஊர்களில் கடை வாசலிலும் திரையரங்கிலும் பூர்வகுடிகளுக்கு அனுமதி இல்லை என்ற பலகை தொங்கியது. பள்ளிகள் தனித்தனி. பிள்ளைகள் தாய்மொழியில் பேசினால் ஆசிரியர் தண்டிப்பார். 1945 பிப்ரவரியில் ட்லிங்கிட் இனத்தைச் சேர்ந்த எலிசபெத் பெராட்ரோவிச் ஜூனோ நகரில் அலாஸ்காவின் செனட் அவையில் எழுந்து பேசினார். அந்த மாதம் 16ஆம் தேதி பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் கையெழுத்தானது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் அப்படியொரு சட்டம் வர அதன் பிறகு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின. பிப்ரவரி 16 இன்று அலாஸ்காவில் பெராட்ரோவிச்சின் நாள். அது முடிந்த சில நாட்களில் ராண்டி தொடங்குகிறது.

1950களில் விழாவில் ‘போர்வை வீச்சு’ இடம்பெறத் தொடங்கியது. வட்டமாக நிற்கும் பலர் தாடிச்சீல் தோல்களை ஒட்டித் தைத்த விரிப்பின் ஓரங்களைப் பிடித்து இழுக்க, நடுவில் நிற்பவர் வானில் எறியப்பட்டு மீண்டும் காலூன்றி இறங்குவார். வடகடலோர இனுப்பியாக் ஊர்களில் அதற்குரிய காலம் ஜூன். வசந்தத்தில் திமிங்கிலம் கிடைத்த படகுக்குழு, ஊருக்கெல்லாம் இறைச்சியைப் பங்கிட்டுக் கொடுத்துக் கொண்டாடும் நாலுக்கட்டாக் விருந்தில் அது நடக்கும். விரிப்புக்கான தோல் பெரும்பாலும் அந்தப் படகைப் போர்த்தியிருந்த தோலே. படகுத்தலைவர் முதலில் எறியப்படுவார். மேலே போகும்போது கூட்டத்துக்கு மிட்டாய்களையும் பரிசுகளையும் இறைப்பார். ஆங்கரேஜின் தெருவுக்கு வந்தபோது அந்த விளையாட்டு திமிங்கிலத்தையும் விருந்தையும் பங்கீட்டையும் ஊரிலேயே விட்டுவிட்டு வந்தது. உயரம் மட்டும் மிஞ்சியது. கூட்டம் கைதட்டியது, புகைப்படங்கள் நாடெங்கும் போயின. இன்று அது நடக்கும்போது விளக்கிச் சொல்பவர்களும் பெரும்பாலும் பூர்வகுடிகளே. திமிங்கிலத்தைப் பற்றி அவர்கள் சொல்கிறார்கள், கேட்பதற்கும் ஆட்கள் நிற்கிறார்கள். அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாட்டில் இது பெரிது என்பது என் எண்ணம்.

கைவினைக்கு வருவோம். விழா நாட்களில் நகரின் தெற்கே டைமண்ட் சென்டர் பேரங்காடியில் பூர்வகுடிக் கலைஞர்களின் சந்தை நடக்கிறது. மேசைக்குப் பின்னால் அமர்ந்திருப்பவர், பெரும்பாலும், மேசைமேல் உள்ள பொருளைச் செய்தவர்தான். சீல் தோலில் தைத்த காலணி, வால்ரஸ் தந்தத்தில் செதுக்கிய பறவை, கடற்கரைப் புல்லில் முடைந்த கூடை, திமிங்கிலத்தின் வாயில் சல்லடையாக இருக்கும் பலீன் தகட்டைக் கிழித்துப் பின்னிய பெட்டி, அரைவட்டக் கத்தியான ஊலு. சில பொருள்களில் வெள்ளிக் கை முத்திரை இருக்கும். அலாஸ்காவில் வாழும் பூர்வகுடிக் கலைஞர் தம் கையால் செய்தது என்று மாநில அரசு தரும் உறுதி அது. தோல் ஏலத்தில் இல்லாத பெயர் இங்கே பொருளோடு சேர்ந்து வருகிறது; ஊரின் பெயரும் வருகிறது. ஷிஷ்மரெஃப், சவூங்கா, ஹூப்பர் பே.

இந்தப் பொருள்களை அழகுக்காக மட்டும் பார்ப்பவர்கள் பாதியைத் தவறவிடுகிறார்கள். குடல் அங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். சீல் அல்லது வால்ரஸின் குடலைச் சுரண்டிக் கழுவி, காற்று ஊதி நீளமாகக் காயவைத்து, பட்டைகளாக அறுத்துத் தைப்பார்கள். தையலுக்கு விலங்கின் தசைநார் நூல். தையல் ஓரத்தில் ஒரு புல்தண்டையும் வைத்துத் தைப்பதுண்டு. நீர் பட்டதும் நார் உப்பி ஊசித்துளையை அடைத்துவிடும். கையில் எடுத்தால் கனமே தெரியாத அந்த அங்கியை அணிந்துதான் பெரிங் கடலின் அலைகளுக்கு நடுவே வேட்டைக்காரர் படகில் அமர்ந்திருந்தார். வுல்வரின் ரோமத்தை முகத்தைச் சுற்றி வைத்துத் தைப்பதற்கும் காரணம் உண்டு. மூச்சுக்காற்று அதில் உறைந்தாலும் பனித்துகள் எளிதாக உதிர்ந்துவிடும். வடிவமைப்பு என்று இன்று கல்லூரிகளில் கற்பிப்பதை, தவறினால் உயிர் போகும் என்ற நிலையில் கற்றவர்கள் இவற்றைத் தைத்த பெண்கள்.

அந்த அறிவு பெருமளவு ஊரைவிட்டுப் போனதும் உண்மை. 1877 முதல் 1881 வரை எட்வர்ட் நெல்சன் என்பவர் பெரிங் கடலோர ஊர்களில் அலைந்து ஆயிரக்கணக்கான பொருள்களை வாங்கி வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். ஊசிப்பெட்டி, முகமூடி, தூண்டில் முள், அங்கி. செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவற்றைக் கண்ணால் பார்க்காமலேயே வளர்ந்தார்கள். 2010இல் ஸ்மித்சோனியன் தன் சேகரிப்பிலிருந்து 600க்கும் மேற்பட்ட பொருள்களை நீண்டகாலக் கடனாக ஆங்கரேஜ் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவந்தது. கண்ணாடிப் பேழையைத் திறந்து, மூத்தவர்களும் கலைஞர்களும் கையில் எடுத்துப் பார்த்து, எப்படித் தைத்தார்கள், எந்த முடிச்சு என்று ஆராய்வதற்கு ஏற்றபடி அந்தக் காட்சிக்கூடம் அமைக்கப்பட்டது. விட்டுப்போன தையல் சில இப்படித் திரும்பி வந்திருக்கிறது. எல்லாம் திரும்பவில்லை. கைகள் அந்தத் தலைமுறையோடு போய்விட்டன. பொருளிலிருந்து கையின் அசைவை ஊகித்துத்தான் அறிய வேண்டியிருக்கிறது.

மற்றொரு கதை ராண்டியின் வயதையே கொண்டது. கஸ்தூரி எருது என்னும் மஸ்க் ஆக்ஸ் அலாஸ்காவில் 19ஆம் நூற்றாண்டுக்குள் வேட்டையில் அழிந்துபோயிற்று. 1930இல் கிரீன்லாந்திலிருந்து 34 எருதுகளைப் பிடித்து வந்தார்கள். 1935இலும் 1936இலும் அவற்றை பெரிங் கடலில் உள்ள நுனிவாக் தீவில் விட்டார்கள். ஆங்கரேஜில் நரித்தோலும் ஓநாய்த்தோலும் கொண்டாடப்பட்ட அதே குளிர்காலங்களில், எங்கோ ஒரு தீவில் வேறொரு வகை ரோமத்துக்கு வித்து ஊன்றப்பட்டது என்று இன்று பார்த்தால் தெரிகிறது. இந்த எருதின் உள்மயிர், கிவியட், வசந்தத்தில் தானாக உதிரும். சீப்பால் வாரி எடுத்தால் போதும். விலங்கு உயிரோடிருக்கும். 1969இல் அந்த நூலைக் கொண்டு பின்னும் பூர்வகுடிப் பெண்களின் கூட்டுறவுச் சங்கமான ஊமிங்மாக் தொடங்கியது. ஆங்கரேஜ் நகரின் நடுவில் அதன் கடை சிறிய வீடு ஒன்றில் இருக்கிறது. பல ஊர்களுக்கு அவரவர்க்கென ஒரு வடிவம். நுனிவாக் தீவின் மெகோர்யுக் ஊராருடையது, 1,200 ஆண்டுப் பழமையான தந்த ஈட்டிமுனை ஒன்றின் செதுக்கலிலிருந்து எடுத்தது. கம்பளித்துண்டில் வடிவத்தைப் பார்த்தே ஊரைச் சொல்லிவிடலாம்.

நாய்களைப் பற்றிச் சொல்லாமல் ராண்டி முடியாது. 1946இல் சிறுவர் பந்தயம் பெரியவர்களின் உலகச் சாம்பியன் பந்தயமாக வளர்ந்தது. மூன்று நாட்கள், நாளுக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். தொடக்கமும் முடிவும் நான்காம் அவென்யூ. அந்நாளில் நாய் என்றால் ஊர்களில் அன்றாட வாழ்க்கை. தபால், விறகு, வேட்டை இறைச்சி, நோயாளி எல்லாமே நாய் வண்டியில்தான். யூகான் ஆற்றுக்கு வடக்கே ஹுஸ்லியா என்ற சிறு ஊரிலிருந்து ஜார்ஜ் ஆட்லா என்ற அதபாஸ்கன் இளைஞர் வந்தார். சிறுவயதில் காசநோய் முழங்காலைப் பிடித்துவிட, ஆண்டுக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தவர்; மடங்காத காலோடு வண்டியில் நின்று ஓட்டினார். 1958இல் முதல் வெற்றி. 1982 வரை மொத்தம் பத்து முறை வென்றார். வானொலியில் அந்தப் பந்தயத்தைக் கேட்க ஊர்களில் வேலை நின்றுபோகும்.

ஆனால் அவர் வென்றுகொண்டிருந்த அதே 1960களில் பனிமேல் ஓடும் மோட்டார் வண்டியான ஸ்னோமெஷின் ஊர்களுக்குள் வந்துவிட்டது. அதற்குத் தினமும் மீன் போட வேண்டாம். ஓட்டாத நாளில் எதுவும் தின்னாது. சில ஆண்டுகளுக்குள் பல ஊர்களில் நாய்க்குடில்கள் காலியாயின. அந்த வீழ்ச்சியைக் கண்டு கவலைப்பட்ட ஜோ ரெடிங்டன் போன்றவர்கள்தான் 1973இல் இடிட்டராட் என்னும் நெடும்பந்தயத்தைத் தொடங்கினார்கள். இன்று ராண்டி முடியும் தறுவாயில் அதே நான்காம் அவென்யூவில் இடிட்டராடின் தொடக்க அணிவகுப்பு நடக்கிறது. நாய்கள் இன்று முன்பைவிட வேகமானவை, நன்றாக உண்பவை, மருத்துவர் கண்காணிப்பில் ஓடுபவை. ஆனால் ஊர்களிலிருந்து வரும் அணிகள் அருகிவிட்டன; ஓர் அணியை வளர்க்கும் செலவு ஊர்க்காரரால் தாங்கக்கூடியதாக இல்லை. ஆட்லா தம் இறுதி ஆண்டுகளில், இறந்துபோன மகன் ஃபிராங்கின் பெயரில் ஹுஸ்லியாப் பிள்ளைகளுக்கு நாய் வளர்ப்பும் வண்டியோட்டமும் கற்றுக்கொடுத்தார். 2015 பிப்ரவரியில், ராண்டி தொடங்கச் சில நாட்களே இருக்கையில், அவர் காலமானார்.

அவர் முதலில் ஓட்டிய தெரு இன்றில்லை என்றும் சொல்லலாம். 1964 மார்ச் 27இல் 9.2 அளவில் நிலம் குலுங்கியபோது நான்காம் அவென்யூவின் வடபுறம் கடைகளோடு சேர்ந்து பத்தடிக்கு மேல் கீழே இறங்கியது. அதைச் சீர்செய்தார்கள், பந்தயம் தொடர்ந்தது.

நிலநடுக்கத்தை ஊர் கடந்துவிட்டது. இப்போது கடக்கக் கடினமாயிருப்பது பனி இல்லாத குளிர்காலம். அன்று தெருவில் விழுந்த பனி தெருவிலேயே கிடந்து இறுகும். அதன்மேல் வண்டி ஓடும். இன்று மோட்டார் வண்டிகளுக்காக நகராட்சி குளிர்காலம் முழுவதும் பனியை அள்ளி அப்புறப்படுத்துகிறது. பந்தயத்துக்கு முன் லாரிகளில் கொண்டுவந்து தெருவில் கொட்டிப் பரப்புகிறது. அள்ளிக் கொட்டவும் பனி இருந்தால்தான் முடியும். 2016இல் இடிட்டராட் தொடக்கத்துக்காக ஏறத்தாழ 570 கிலோமீட்டர் வடக்கே ஃபேர்பேங்ஸிலிருந்து ரயிலில் பனி வந்தது. எந்த ரயிலுக்காக இந்த ஊர் பிறந்ததோ அந்த ரயில் அதைச் சுமந்து வந்தது. ராண்டியின் சாம்பியன் பந்தயமே பனி போதாமல் கைவிடப்பட்ட ஆண்டுகளும் உண்டு.

கலைஞர்களுக்கு இது இன்னும் நெருக்கமான செய்தி. கடல் பாலூட்டிகளைக் காக்க 1972இல் இயற்றிய அமெரிக்கச் சட்டம், அலாஸ்காக் கடலோரத்தில் வாழும் பூர்வகுடிகளுக்கு மட்டும் உணவுக்கும் கைவினைக்கும் அவற்றை வேட்டையாடும் உரிமையை விட்டுவைத்தது. தந்தத்தை அப்படியே விற்கக் கூடாது, செதுக்கித்தான் விற்க வேண்டும். அதனால் வால்ரஸ் தந்தச் சிற்பம் என்பது அவர்களிடம் மட்டுமே இருக்கும் தொழில். செயின்ட் லாரன்ஸ் தீவின் காம்பெல், சவூங்கா ஊர்களில் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும் ரொக்கம் பலசமயம் இதிலிருந்து வருவதே. ஆப்பிரிக்க யானையைக் காக்கும் நல்ல நோக்கத்தோடு 2016இல் தந்த வணிகத்தின் மேல் கடும் தடை வந்தது. அது வால்ரஸைத் தொடவில்லை. ஆனால் கலிஃபோர்னியா உள்ளிட்ட சில மாநிலங்கள் வால்ரஸ் தந்தத்தையும் சேர்த்துச் சட்டம் எழுதின. சந்தையில் பொருளை விரும்பிக் கையில் எடுத்தவர், ஊருக்குக் கொண்டுபோனால் சிக்கல் வருமோ என்று தயங்கி வைத்துவிடுகிறார். இறைச்சியை ஊரே உண்டு, தோலைப் படகுக்குப் போர்த்தி, மிஞ்சிய தந்தத்தைச் செதுக்கியவர் யானைக் கள்ளவேட்டைக்குப் பதில் சொல்ல வேண்டியதாகிறது. தோலுக்கு நேர்ந்தது இப்போது தந்தத்துக்கும் நேர்கிறது.

வால்ரஸ் கடல்பனிமேல் படுத்து இளைப்பாறும் விலங்கு. பனி விளிம்பு வடக்கே விலகிப்போக, 2014இல் பாயிண்ட் லே ஊருக்கு அருகே ஏறத்தாழ 35,000 வால்ரஸ்கள் கரையேறிக் கிடந்தன. செயின்ட் லாரன்ஸ் தீவில் 2013 வசந்தத்தில் காற்றும் பனியும் மாறி அமைந்து வேட்டை மிகக் குறைந்துபோனது. அலாஸ்கா அரசு அதைப் பேரிடராக அறிவித்து உதவி அனுப்பியது. அந்த ஊர்களில் மே மாதத்தில் படகு இறங்க வழி கிடைக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான், பிப்ரவரியில் ஆங்கரேஜ் மேசையில் என்ன இருக்கும் என்பது முடிவாகிறது. கிடைக்காத ஆண்டில் சிற்பிகள் மண்ணுக்குள்ளிருந்து தோண்டியெடுத்த பழந்தந்தத்தையும் திமிங்கில எலும்பையும் செதுக்கிக் கொண்டுவருகிறார்கள்.